அம்மா கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொடி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம் எங்கள் வீட்டில் நாற்காலி முதுகு, கதவுப் பிடி, ஜன்னல் கம்பி, டி.வி. ஸ்டாண்ட் என்று எங்கே பார்த்தாலும் ஈரத்துணி. கரன்ட் இல்லை, அதனால் ஃபேன் காற்றும் இல்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்து மடித்துவைத்த துண்டை மறுநாள் எடுத்து முகம் துடைத்தால் ஊறல் நாற்றம். அந்த வாரம்தான் முடிவெடுத்தேன், அடுத்த மழைக்குள் பால்கனி சீலிங்கில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு கொடி போட்டுவிட வேண்டும் என்று.

மழை மட்டும் காரணம் இல்லை. எங்கள் வீடு வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா பல வருடமாக வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வலது தோள்பட்டை இறுகிப்போனபிறகு கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. பால்கனியில் கழுத்தளவுக்கு ஒரு கயிற்றைக் கட்டி, இடது கையால் துணியை வீசிப் போடுவார். ஒரு பக்கம் தொங்கும், மறுபக்கம் சுருண்டு கிடக்கும், அதைச் சரிசெய்ய முடியாமல் அப்படியே விட்டுவிடுவார். நான் ஆபீஸ் விட்டு வந்து ஒவ்வொன்றாக நிமிர்த்திப் போடும்போது அது பாதி ஈரத்திலேயே கசங்கிக் காய்ந்திருக்கும்.

முதலில் செய்தது தவறாகப் போனது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு இன்ச் பி.வி.சி. பைப் இரண்டு வாங்கி, சீலிங்கில் நாலு ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, அதில் ஸ்குரூ கொக்கி முறுக்கி, நைலான் கயிற்றில் பைப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பதினோராவது நாள் ராத்திரி பெட்ஷீட்டும் இரண்டு ஜீன்ஸும் காய்ந்துகொண்டிருந்தபோது இரண்டு கொக்கிகள் பிளக்கோடு உருவிக்கொண்டு எல்லாம் கீழே வந்துவிட்டது. தினமும் காலையில் அம்மா நின்று துளசி பறிக்கிற இடம் அது. அன்றைக்கு எனக்கு வந்த பயம் இப்போதும் நினைவிருக்கிறது.

சுவரில் மாட்டும் படத்துக்கோ ஷெல்ஃபுக்கோ பிளாஸ்டிக் பிளக் போதும், ஏனென்றால் அங்கே எடை பெரும்பாலும் ஸ்குரூவைக் கீழ்ப்பக்கமாக அழுத்துகிறது, வெளியே அவ்வளவாக உருவுவதில்லை. சீலிங்கில் அதே எடை ஸ்குரூவை நேராக உருவுகிறது, அதுவும் நாளும் பொழுதும் விடாமல். போதாததற்கு என் பிளக்கில் பாதி நீளம் சிமெண்ட் பூச்சுக்குள்தான் இருந்திருக்கிறது, கான்கிரீட்டுக்குள் போனது கொஞ்சம்தான். தலைக்கு மேலே தொங்குகிற எதற்கும் பிளாஸ்டிக் பிளக் வேண்டவே வேண்டாம், கடைக்காரர் எவ்வளவு நல்ல கம்பெனி என்று சொன்னாலும் வேண்டாம்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. எவ்வளவு எடை தொங்கும் என்று முதலில் கணக்குப் போட்டேன். மெஷினில் 6 கிலோ துணி போட்டு நன்றாகச் சுழற்றிப் பிழிந்து எடுத்தாலும் 9 கிலோவுக்குக் குறையாது. கையால் பிழிந்த பருத்தித் துணி என்றால் காய்ந்த எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். நான் ஒரு தடவைக்கு ஈரத்துணி 15 கிலோ, துணி போடும் பைப்புகளைக் கோத்த சட்டம் 5 கிலோ, ஆக மொத்தம் 20 கிலோ என்று வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "நீ ஆபீஸ் போனப்புறம் இதை யாருப்பா இழுக்கிறது?"

அந்தக் கேள்வி மொத்த வடிவத்தையும் மாற்றிவிட்டது. அதுவரை நான் மனசில் வைத்திருந்தது சாதாரண ஏற்பாடு: சட்டத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கயிறு, அது சீலிங்கில் உள்ள கப்பி வழியாகச் சுவர்ப்பக்கம் வந்து சேரும், இழுத்தால் ஏறும். கிணற்றுக் கப்பி மாதிரிதான். கிணற்றுக் கப்பி நாம் இழுக்கிற திசையை மாற்றுமே தவிர எடையைக் குறைக்காது, 20 கிலோ தொங்கினால் 20 கிலோ பலம் கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். ஒரு தண்ணீர் கேனைத் தலைக்கு மேல் ஏற்றுவது போல அது. அம்மாவால் நிச்சயம் முடியாது.

அதற்கு வழி சட்டத்திலேயே, ஒவ்வொரு முனையிலும் ஒரு கப்பி வைப்பது. கயிற்றின் ஒரு முனையை சீலிங் கொக்கியில் கட்டிவிட வேண்டும். அது கீழே இறங்கி, சட்டத்தில் மாட்டிய கப்பிக்குள் நுழைந்து, திரும்ப மேலே ஏறி, சீலிங் கப்பி வழியாகச் சுவருக்கு வரும். இப்படிச் செய்தால் எடையில் பாதியைச் சீலிங் கொக்கி வாங்கிக்கொள்ளும், கையில் வருவது 10 கிலோதான். பதிலுக்கு இரண்டு மடங்கு கயிறு இழுக்க வேண்டும், சட்டம் நாலடி ஏற எட்டடிக் கயிறு. அம்மாவுக்கு நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, பலம்தான் பிரச்சினை. துணியையும் இரண்டு தவணையாகப் போட்டால் கைக்கு வருவது 6, 7 கிலோவுக்குள் அடங்கிவிடும். பிளாஸ்டிக் சக்கரக் கப்பி வாங்காமல் உள்ளே பேரிங் வைத்த கப்பியாக வாங்குங்கள், உராய்வில் வீணாகிற பலம் குறையும். அப்புறம் கயிற்றின் தடிமனும் கப்பிப் பள்ளமும் பொருந்த வேண்டும். எனக்கு ஒரு கப்பியில் கயிறு சக்கரத்தை விட்டு நழுவிப் பக்கத்துத் தகட்டுக்கு நடுவில் போய்ச் சிக்கி, சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தபடி மேலேயே நின்றுவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றாது, எனக்கும் பேப்பரில் வரைந்து பார்க்கும்வரை தோன்றவில்லை. இரண்டு கொக்கிகளும் ஒரே எடையைத் தாங்குவதில்லை. சுவருக்கு அருகில் உள்ள கொக்கியில் இரண்டு கயிறுகளும் வந்து சேர்ந்து கீழே திரும்புகின்றன. சட்டத்தின் பாதி எடை, அதோடு நாம் கீழே இழுக்கிற பலம் முழுவதும் அதன் தலையில்தான். சாதாரண ஏற்பாட்டில் 20 கிலோவுக்கு அந்த ஒரு கொக்கியே 30 கிலோ தாங்க வேண்டும். சட்டத்தில் கப்பி வைத்தபிறகு அது 20 ஆகக் குறைந்தது, தூரத்துக் கொக்கிக்கு 11 கிலோ அளவுதான். கையை நினைத்துச் செய்த மாற்றம் சீலிங்குக்கும் நல்லதாக முடிந்தது. சுவர்ப்பக்கம் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆங்கர் போல்ட் (முடுக்கும்போது ஓட்டைக்குள் விரிந்து கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு போல்ட்) போட்டு, ஒரு இரும்புத் தகட்டை இரண்டிலும் முடுக்கி, அதில் கப்பிகளை மாட்டினேன்.

சீலிங்கில் ஓட்டை போடுவதற்கு முன் மூன்று பேரிடம் பேசினேன். எங்கள் பால்கனிச் சீலிங் என்பது மேல்வீட்டுக்காரரின் பால்கனித் தரை, அதனால் முதலில் அவரிடம். அப்புறம் அசோசியேஷனில். அப்புறம் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம். பால்கனி லைட் பாயின்டிலிருந்து சுவிட்ச் போர்டு வரை ஒயர் போகிற பைப் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும், பெரும்பாலும் நேராகவே போயிருக்கும். அந்தப் பாதையை சாக்பீஸில் கோடு போட்டு, அதற்கு இரண்டு பக்கமும் ஒரு அடி தள்ளித்தான் ஓட்டை என்று அவர் குறித்துக் கொடுத்தார். ஓட்டை போடும் நேரத்தில் எங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து டிரில் மெஷினை ஓட்டினோம்.

பழைய கட்டடம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். சுத்தியலின் மரப்பிடியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனால் பெரும்பாலான இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். சில இடத்தில் தேங்காய் மூடியைத் தட்டுவது போல பொள்ளலாகக் கேட்டால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, உள்ளே கம்பி துருப்பிடித்தும் இருக்கலாம். துருக்கறை, நீளவாக்கில் வெடிப்பு, உதிர்ந்த சிமெண்ட் இதில் எது தெரிந்தாலும் அந்த இடத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள். ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சென்னையின் உப்புக்காற்றில் இது சாதாரணமாக நடக்கிறது. எங்கள் பால்கனியின் வெளி ஓரத்தில் இரண்டடி நீளத்துக்கு அப்படி இருந்தது, அதனால் மொத்தச் சட்டத்தையும் வீட்டுப் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

ஓட்டை போட வாடகைக்கு ஹாமர் டிரில் எடுத்தேன், வீட்டில் இருக்கும் சின்ன டிரில்லில் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டினால் ஓட்டை அகலமாகிக் கோணிப்போகும். ஆங்கர் போல்ட் வாங்கும்போதே அதற்கு எந்த அளவு பிட் என்று கேட்டு அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு வகைக்கும் ஓட்டை அளவு வேறு, போல்ட்டின் பெயரில் இருக்கும் அளவும் ஓட்டை அளவும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டேன். பூச்சு அரை அங்குலம் போக, கான்கிரீட்டுக்குள்ளே இரண்டு அங்குலமாவது போக வேண்டும் என்று கணக்கு. பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் மாட்டிவிட்டால் தூள் அதில் விழும், கண்ணில் விழாது, ஆனாலும் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். ஒரு ஓட்டையில் ஒன்றரை அங்குலம் போனதும் சத்தம் மாறி, தூள் வருவது நின்றுவிட்டது. உள்ளே கம்பி. அழுத்தி மேலே போகக் கூடாது, கம்பியை வெட்டினால் தளத்துக்குக் கேடு. இரண்டு அங்குலம் தள்ளி வேறு ஓட்டை போட்டு, பழையதை சிமெண்ட் வைத்து அடைத்தேன். ஓட்டைக்குள் தங்கும் தூளை ஊதி, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்தபிறகே போல்ட்டைப் போட வேண்டும், தூளோடு போட்டால் பிடிப்பு இருக்காது.

சட்டம் எளிது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், 19 மி.மீ. தடிமன். கடையில் முழு பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும், அதாவது 20 அடிக்குக் கொஞ்சம் குறைவு. நான் முதலில் ஆறடி நீளத்தில் கேட்க இருந்தேன், அப்படி வெட்டினால் மூன்று துண்டும் ஒரு வீணான துண்டும் மிஞ்சும். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக வெட்டினால் சரியாக நாலு. புடவையின் அகலம் 45 அங்குலம் சொச்சம், ஆகவே ஐந்தடியில் புடவையை மடிக்காமல் முழு அகலமாகவே போடலாம். ஐந்தரை மீட்டர் புடவையை நீளத்தில் பாதியாக மடித்து, அதைப் பைப்பின் மேல் பாதிக்குப் பாதி தொங்கவிட்டால் நாலரை அடி தொங்கும், சட்டம் மேலே ஏறியபிறகு தரையிலிருந்து மூன்றரை அடி காலியாக இருக்கும், கீழே குனிந்து போகலாம். பைப்பில் 304 கிரேடு என்று கேட்டு பில்லிலும் எழுதி வாங்குங்கள். விலை குறைந்த 202 கிரேடு இந்த ஊர்க் காற்றில் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து வெள்ளைச் சட்டையில் கறையாகும். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலுமே காந்தம் ஒட்டாது.

இரண்டு முனைக்கும் பழைய ஜன்னல் தேக்குக் கட்டை, 22 அங்குல நீளம். ஆறு ஆறு அங்குல இடைவெளியில் நாலு ஓட்டை. இந்த ஆறு அங்குலத்தைக் குறைக்காதீர்கள், இன்னும் இரண்டு பைப் சேர்க்கலாமே என்று ஆசை வரும், துணிக்கும் துணிக்கும் நடுவில் காற்று புகாவிட்டால் பைப் எத்தனை இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு கட்டையின் இரண்டு ஓரத்திலிருந்தும் கயிறு எடுத்து மேலே ஒரு வளையத்தில் கூம்பாகச் சேர்த்து, அந்த வளையத்தில்தான் கப்பி. கூம்பு ரொம்பத் தட்டையாக இருந்தால் ஒரு பக்கம் கனமான துணி போட்டதும் சட்டம் கவிழப் பார்க்கும், எனக்குப் பத்து அங்குல உயரம் சரியாக இருந்தது. இருந்தாலும் முதலில் நடுப் பைப் இரண்டிலும் போட்டு, அப்புறம் ஓரத்துக்குப் போவதுதான் அம்மாவின் பழக்கம் இப்போது.

கயிற்றில் மறுபடி ஒரு தவறு செய்தேன். நைலான் வாங்கினேன். ஈரமும் எடையும் சேர்ந்தால் நைலான் நீளும், மாலையில் மட்டமாக ஏற்றிய சட்டம் காலையில் ஒரு பக்கம் மூன்று விரற்கடை இறங்கியிருக்கும். பாரிமுனையில் ஒரு கயிற்றுக் கடையில் விசாரித்து 6 மி.மீ. பாலியஸ்டர் பின்னல் கயிறு 20 மீட்டர் வாங்கி மாற்றியபிறகு அந்தத் தொல்லை இல்லை. மஞ்சள், நீல நிறத்தில் வரும் பிளாஸ்டிக் கயிறு இதற்கு வேண்டாம், வெயிலில் ஒரு வருடத்தில் நார் நாராக உதிர்ந்துவிடும்.

கயிறு வந்து கட்டும் இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. படகுகளில் கயிறு சுற்ற இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய ஒரு பிடி இருக்குமே, அதைத்தான் சுவரில் அடித்தேன். எந்த உயரத்தில் என்பதை நான் முடிவு செய்யவில்லை. அம்மாவை நிற்கச் சொல்லி, வலிக்காமல் இரண்டு கையும் சேர்த்து இழுக்க எது சௌகரியம் என்று கேட்டு, அங்கே பென்சிலால் குறித்தேன். தரையிலிருந்து 3 அடி 8 அங்குலம். சட்டம் முழுவதும் இறங்கி நிற்கும் உயரத்தையும் அப்படித்தான் வைத்தோம், அவருடைய மார்பளவு, 4 அடி. மேலிருந்து வரும் கயிற்றில் அந்த உயரத்துக்கு ஒரு முடிச்சு போட்டுவிட்டேன், கை நழுவினாலும் முடிச்சு கப்பியில் போய்த் தட்டி நின்றுவிடும், சட்டம் அதற்குக் கீழே வராது. இறக்கும்போது கயிற்றை முழுவதும் அவிழ்க்காமல் கொம்பில் ஒரு சுற்று இருக்கும்படி விட்டு இறக்கினால் எடை கையில் கொஞ்சம்தான் வரும், பெரும்பகுதியை உராய்வே தாங்கிக்கொள்ளும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆனது, இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் அவருக்குத் தைரியம் வந்தது.

சட்டம் மட்டமாக நிற்கிற நிலையில் இரண்டு கயிற்றையும் ஒன்றாகச் சேர்த்து சிவப்பு நூல் சுற்றிவைத்திருக்கிறேன், அது கொம்புக்கு நேராக வந்தால் மட்டம். மீதிக் கயிறு சுருளாகத் தொங்குவதைச் சும்மா விடாதீர்கள். தங்கை பையன் வந்திருந்தபோது அதைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றான், பார்த்ததும் உயிரே போய்விட்டது. அன்றே ஒரு துணிப்பை தைத்துக் கொம்புக்குப் பக்கத்தில் மாட்டி, சுருளை அதற்குள் போடுவது என்று வழக்கமாக்கிவிட்டோம்.

துணி போடுவதற்கு முன் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நடுவில் கட்டி, ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் அது அப்படியே இருந்ததும் இரண்டு கேன், இன்னும் ஒரு ராத்திரி. அதுவரை பால்கனிக் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். இப்போதும் மாதம் ஒருமுறை போல்ட் நட்டை ஸ்பேனரால் தொட்டுப் பார்க்கிறேன், கப்பி ஓரம் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். செலவு, மெஷின் வாடகை சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம், முதல் தடவை வீணானதைச் சேர்க்காமல்.

மழைக்காலத்தில் எப்படி என்று கேட்டால், எங்கள் பால்கனி மேற்குப் பக்கம், வடகிழக்குக் காற்றில் சாரல் அதிகம் வராது, அது ஒரு அதிர்ஷ்டம். கிழக்கு பார்த்த பால்கனிக்காரர்கள் இதை ஹாலிலோ சர்வீஸ் ஏரியாவிலோ வைப்பது நல்லது, ஆனால் ஃபேன் இறக்கை சுற்றும் வட்டத்துக்குள் சட்டமோ துணியோ வரவே கூடாது. மூடிய அறை என்றால் ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியின் ஈரமெல்லாம் சுவரில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். அடைமழை நாளில் கீழே ஒரு டேபிள் ஃபேனை மேல்நோக்கித் திருப்பி வைக்கிறோம், ஜீன்ஸை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி ஓரப் பைப்பில், மெல்லிய துணி உள்ளே. காலையில் போட்டால் சட்டைகள் மாலைக்குள் காய்ந்துவிடுகின்றன, ஜீன்ஸ் மறுநாள். ஊறல் நாற்றம் இல்லை.

சட்டத்தை முதல் தடவை ஏற்றி முடித்தபோது அம்மாவுக்கு அவருடைய அம்மா வீடு ஞாபகம் வந்தது. மாயவரம் பக்கம் பழைய ஓட்டு வீடு, இரண்டாம் கட்டில் உத்தரத்திலிருந்து கயிறு விட்டு மூங்கில் கழி தொங்குமாம், பாட்டி ஒரு நீளக் கோலால் புடவையை எடுத்து எட்டாத உயரத்தில் சுருக்கமே இல்லாமல் விரித்துவிடுவாராம். "எங்கம்மா கோலைத் தூக்கினா, உன்னுது கொடியே இறங்கி வருது" என்றார்.

இப்போது தாம்பரத்தில் இருக்கும் தங்கை தன் வீட்டுக்கும் ஒன்று கேட்கிறாள். அங்கே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதில் எதையும் மாட்ட முடியாது, அதைத் துளைத்துக்கொண்டு மேலே உள்ள கான்கிரீட் வரை நீளக் கம்பி கொண்டுபோக வேண்டும். நடுவில் எத்தனை அங்குல இடைவெளி என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே, சுவரை ஒட்டி நின்று கை வலிக்காமல் இழுக்கிற உயரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுவைக்கவும் சொல்லியிருக்கிறேன், அவள் அம்மாவைவிட நாலு அங்குலம் உயரம்.